டிக்கியில் மூன்றாவது ஃபேன்

ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். அதற்கு மேல் அக்காவின் கார் பாடாது.

டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரிலும், அதிலிருந்து வயர் இழுத்து ஸ்டியரிங் அருகே வைத்த குட்டி விளக்கிலும் பச்சை அணைந்து சிவப்பு எரியும். பாட்டு பாதியில் அறுந்துபோகும். ஆம்ப்ளிஃபயர் கெட்டுப் போகவில்லை. சூடு தாங்காமல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி பாடும். அந்த அரை மணி நேரம் அக்காவுக்குப் பொறுக்காது. வண்டியை ஓரம்கட்டி, டிக்கியைத் திறந்து, லென்ஸ் வந்த அட்டைப்பெட்டியின் மூடியால் விசிறிக்கொண்டு நிற்பாள். இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைத்துப் போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். அவள் வாங்கிக் குடித்துவிட்டு விசிறுவதைத் தொடர்வாள்.

லென்ஸ் தேய்க்கும் கூடத்திலிருந்து கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் கொண்டு போய்க் கொடுப்பது அக்காவின் வேலை. நாள் முழுக்க வண்டியில்தான் இருப்பாள். வண்டி அப்பாவின் பெயரில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரும் டிக்கியை அடைத்துக்கொண்டிருக்கும் ஊஃபர் என்கிற பேஸ் பெட்டியும் அவள் வாங்கியவை. இந்த வருடம் ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலும் ஒன்று வைத்தாள். அது பாடாது, உதறும். பின்னால் இருப்பவர்களுக்கு சாதாரண ஸ்பீக்கர்கூடக் கிடையாது. எல்லாமே அடித்தொண்டைச் சத்தம்தான். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி நடுங்க ஆரம்பிக்கும்.

"கண்ணாடி நடுங்குதுடி," என்றாள் அம்மா ஒருநாள், நேருக்கு நேராக.

"நடுங்கட்டும்," என்றாள் அக்கா.

அவளுக்குத் திமிர் கூடிவிட்டது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. போன் எடுப்பதில்லை, எதுவானாலும் மெசேஜ் அனுப்பு என்கிறாள். பேசினால் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறாள். யாராவது பேசும்போது அவர்கள் முகத்தையே உற்றுப் பார்க்கிறாள், தப்புக் கண்டுபிடிக்கக் காத்திருப்பவள்போல. முப்பத்திரண்டு வயதுப் பெண் சம்பாதிக்கவும் ஆரம்பித்துவிட்டால் இப்படித்தான் என்று அப்பா சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இருப்பது என் வேலை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கதவு மூடுகிற சத்தத்தை வைத்தே எங்கே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு எட்டாவது மாடியில் கிரீஸ் இல்லை என்பார். போய்ப் பார்த்தால் இருக்காது. வீட்டில் ஃபிரிட்ஜ், மோட்டார், தையல் மிஷின் எல்லாம் அவர் காதுக்குப் பயந்துதான் ஓடுகின்றன.

அந்த வாரம் டூல் பெட்டியை வைப்பதற்காக டிக்கியைத் திறந்தவர், ஆம்ப்ளிஃபயரின் மேல் கை வைத்துவிட்டார். விரல் நுனி சிவந்துவிட்டது. பிளாஸ்டிக் சுட்ட வாசனையும் வந்திருக்கிறது. லிஃப்ட் குழிக்குள் வயர் பற்றி எரிந்ததை ஒருமுறை நேரில் பார்த்தவர் அவர். சத்தம் போடவில்லை. விரலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றப்போவதாகச் சொன்னார்.

அக்கா அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கழட்டுங்க. கழட்டின இடத்துல நீங்க உக்காந்து பாடணும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டாள்.

அப்பா கோபப்பட்டால் கணக்காகப் பேசுவார். தனக்குப் பிரச்சினை சூடு மட்டும்தான் என்றார். ஞாயிறன்று அவர் பின் சீட்டில் உட்காருவார். லென்ஸ் கூடம் வரை போய்த் திரும்ப வேண்டும், இரண்டரை மணி நேரம். அக்கா எப்போதும் வைக்கிற அளவில் பாட்டு ஓட வேண்டும். ஒருமுறை நின்றாலும் வீட்டு வாசலிலேயே கழற்றிவிடுவார். அன்றோடு வண்டியும் அவரிடமே வந்துவிடும். வேலைக்கு அவள் வேறு வழி பார்த்துக்கொள்ளட்டும்.

"கொஞ்சம் குறைச்சு வச்சா நிக்காதே," என்றாள் அம்மா.

அதுதான் சுலபமான வழி. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாலே சூடு நிறையக் குறையும். இரவு சமையலறையில் அக்காவிடம் நானும் அதையே சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"குறைக்கிற வழி ஊர்ல எல்லாருக்கும் தெரியும். குறைக்காம இருக்கிற வழி சொல்லு. அதுக்குத்தானே மூணு வருஷம் ஃபிசிக்ஸ் படிச்சே?"

நான் பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதுவரை யாரும் என்னிடம் ஃபிசிக்ஸ் கேட்டதில்லை.

*

ஆம்ப்ளிஃபயரைப் பொருத்திக் கொடுத்தவர் கடை பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்தது. ஷட்டருக்குள் ஒரு கார்தான் நிற்கும். ஆள் குள்ளம், குரல் மட்டும் தரைக்கு அடியிலிருந்து வரும். அதனால் எல்லோருக்கும் அவர் ஊஃபர் அண்ணன்.

டிக்கியைத் திறந்து, கையால் தொட்டு, கையை உதறினார். அவர் சொன்னதும் அதே மருந்துதான்.

"கால்வாசி குறைச்சுக்கம்மா. உன் கல்யாணம் வரைக்கும் நிக்காம ஓடும்."

"அப்ப ரொம்ப வருஷம் ஓடணும். வேற சொல்லுங்க," என்றாள் அக்கா.

வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். ஆம்ப்ளிஃபயரின் இரண்டு முனைகளிலும் அவரே இரண்டு கம்ப்யூட்டர் ஃபேன்கள் மாட்டிக் கொடுத்திருந்தார். இரண்டும் ஊதுகின்றன. இதற்கு மேல் ஐஸ்கட்டியா வைக்க முடியும்?

ஆம்ப்ளிஃபயரின் முதுகில் நீளவாக்கில் தகடுகள் வரிசையாக நிற்கும். நடுவில் பள்ளங்கள். சூடு அந்தத் தகடுகளுக்கு வரும், பள்ளங்கள் வழியாகப் போகும் காற்று அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் பழகாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. வாக்கியத்தை மனதுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்ப்பதற்குள் எதிரில் இருப்பவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

பையிலிருந்து டிஷ்யூ பேப்பரை எடுத்து நீளமாகக் கிழித்தேன். இடது ஃபேன் அருகே பிடித்தேன். பேப்பர் பள்ளத்துக்குள் பாய்ந்தது. வலது ஃபேன் அருகே பிடித்தேன். அங்கேயும் உள்ளேதான் பாய்ந்தது. பிறகு நடுவில் பிடித்தேன். பேப்பர் சும்மா தொங்கியது.

ஊஃபர் அண்ணன் குனிந்து பார்த்தார். என் கையிலிருந்து பேப்பரை வாங்கித் தானே ஒருமுறை செய்து பார்த்தார். தலையை டிக்கிக்குள் விட்டபடியே அக்காவிடம் சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னார். அக்கா நகரவில்லை. மறுபடி சொன்னார். அவள் சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கர் வளையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் போட்டேன்.

"உங்க அக்கா நம்மள மாதிரி ஆளுங்க சொன்னா கேக்காதோ?" என்றார் என்னிடம் மெதுவாக. அவளுக்குத் தூக்கம் போதவில்லை என்று சொல்லி வைத்தேன்.

அவர் நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். "பஸ்ல ரெண்டு வாசல்லயும் ஏறினா எவன்மா இறங்குவான்? நாப்பது வண்டில இப்படித்தான் மாட்டியிருக்கேன். ஒருத்தனும் குறை சொல்லல." கொஞ்சம் யோசித்தார். "எல்லாம் குறைச்சு வச்சுக் கேக்குறானுங்க போல."

வலது ஃபேனைத் திருப்பி மாட்டினார். இப்போது ஒன்று தள்ளும், இன்னொன்று இழுக்கும். மேலே ஒரு தகரத் தகட்டை வளைத்து மூடினோம், காற்று பாதியில் தப்பிப் போகாமல் இருக்க. நடுவில் பேப்பரைப் பிடித்தால் படுத்துக்கொண்டு பறந்தது.

அன்று மாலை ஓட்டிப் பார்த்தோம். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம். பிறகு சிவப்பு விளக்கு.

அக்கா வண்டியை ஓரம்கட்டினாள். டிக்கியைத் திறந்ததும் முகத்தில் அடுப்பைத் திறந்ததுபோல அடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிக்கி மூடிய பெட்டி. ஒரு ஃபேன் இழுத்து வெளியே விட்ட சூடான காற்றை இன்னொரு ஃபேன் எடுத்து மறுபடி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. சூட்டைத் தகட்டிலிருந்து எடுத்தோமே தவிர, டிக்கியை விட்டு வெளியே அனுப்பவில்லை.

அக்கா அட்டையால் விசிறிக்கொண்டே என்னைப் பார்த்தாள். முடியாது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று தெரிந்தது.

"நாளைக்கு," என்றேன்.

*

மறுநாள் டிக்கியின் பக்கவாட்டுத் துணியை உரித்தேன். உள்ளே, பின் பம்பருக்கு மேலாக, ரப்பர் மடல் வைத்த ஒரு திறப்பு இருந்தது. எல்லாக் கார்களிலும் இருக்குமாம், கதவை அடித்துச் சாத்தும்போது உள்காற்று வெளியேற. துணியும் ஒட்டுப்பசையும் அதை அடைத்து வைத்திருந்தன. வெளியே போகும் வழி கிடைத்துவிட்டது. உள்ளே வரும் வழிதான் வேண்டும். பின் சீட்டின் தலைக்குப் பின்னால் இருக்கும் பலகையில் ஒரு வட்டத் துளை போட்டு, அங்கே ஒரு ஃபேன் வைத்தால், காருக்குள் இருக்கும் ஏசி காற்று டிக்கிக்குள் இறங்கும். சூடான காற்றைத் தள்ளிக்கொண்டு போய் அந்த ரப்பர் மடல் வழியாக வெளியேற்றும்.

இதை ஊஃபர் அண்ணனிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் பேசியது நான் என்று தெரிந்தது.

அவர் பழைய சாமான் பெட்டியைக் கிளறி, ஏதோ மிஷினிலிருந்து கழற்றிய ஒரு ஃபேனை எடுத்தார். தடித்த இரும்புச் சட்டம். சின்ன ஃபேன்கள் நான்கு சேர்ந்தாலும் இதன் காற்று வராது.

"ஒண்ணு சொல்லிடறேன். இது கத்தும். பின் சீட்டுல உக்கார்றவனுக்குப் பல்லு கூசும்."

அக்கா அவர் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், "மாட்டுங்க."

ஓடவிட்டபோது நான் தோள்களைக் காதுவரை தூக்கிக்கொண்டேன். ஈயத்தட்டில் ஆணியால் கோடு இழுப்பது போன்ற கீச்சு. பேஸ் அடிக்கும்போதுகூட அதற்கு மேலே தனியாக நின்றது. அடியில் ரப்பர் வைத்துப் பார்த்தேன். மின்சாரத்தைக் குறைத்துச் சுற்றவிட்டேன். கீச்சு அடங்கியது, அன்றைய ஓட்டத்தில் இரண்டு மணி நேரம் தாண்டியதும் சிவப்பு எரிந்தது. இரண்டரை மணி நேரம் வேண்டுமென்றால் அது முழு வேகத்தில் சுற்றியாக வேண்டும். முழு வேகம் என்றால் கீச்சுதான்.

சனிக்கிழமை மதியம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். நான் முன் சீட்டில் இருந்தேன். அக்கா ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்து, இன்னொன்றைக் கதவின் பலகையில் விரித்து வைத்திருந்தாள். அவள் அப்படித்தான் ஓட்டுவாள். மூன்று கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்ப்பாள், என்னைவிட, அப்பாவைவிட அதிகமாக. இரண்டு மணி நேரம் ஆனது. இரண்டரை ஆனது. விளக்கு பச்சையாகவே இருந்தது. எனக்குத் தலை வலித்தது.

இந்தக் கீச்சு அவளுக்கு ரொம்பத் தொந்தரவா என்று கேட்டேன். பதில் வரவில்லை. சிக்னலில் வண்டி நின்றதும் அவள் என் பக்கம் திரும்பினாள். மறுபடி கேட்டேன்.

"ஃபேன் ஓடுதா?" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் சீட் பெல்ட்டைக் கழற்றி, இரண்டு சீட்டுகளுக்கு நடுவே உடம்போடு பின்னால் எக்கி, பலகைத் துளைக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்தாள். காற்று அவள் விரல்களுக்கு நடுவே இறங்கியது.

"ஓடுது," என்றாள். "நல்லா ஓடுது."

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவள் முன்னால் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள். வீடு வரும்வரை கதவின் பலகையில் விரித்திருந்த அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். வாசலில் நிறுத்தியபோது அவள் என் முழங்காலை ஒருமுறை அழுத்தினாள். அவ்வளவுதான். அவளாகச் சொல்லாததை நான் எப்படிக் கேட்பது?

ஒன்றை மட்டும் அவள் முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். நாளைக்கு அந்த ஃபேன் அப்பாவின் தலைக்குப் பின்னால்தான் கத்தும். அவர் காது எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

"கத்தட்டும். நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

*

ஞாயிற்றுக்கிழமை அப்பா சட்டைப்பையில் ஸ்குரூடிரைவரோடு வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார். வெயில் உச்சியில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருந்தார். அக்கா உட்கார்ந்ததும் நடுக்கண்ணாடியைச் சரிசெய்தாள். முன் சீட்டிலிருந்து எனக்குத் தெரிந்தது. அவள் அதைப் பின்னால் வரும் சாலைக்குத் திருப்பவில்லை. அப்பாவின் முகத்துக்குத் திருப்பினாள்.

தெரு முடிவதற்குள் அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். பேரிங் போய்விட்டது. எண்ணெய் வறண்டு ரொம்ப நாளாகியிருக்கிறது. அச்சு ஒரு பக்கம் சாய்ந்து உரசுகிறது. இதையெல்லாம் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். பேஸ் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் கடந்தது. நான் அப்பாவிடம் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் பார்க்காததுபோல வெளியே பார்த்தார். லென்ஸ் கூடத்தில் அக்கா இன்ஜினையும் பாட்டையும் ஓடவிட்டபடி இறங்கி, ஒரு காலிப் பெட்டியை உள்ளே கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குள் அப்பா டிக்கியைத் திறந்து, சுட்ட விரலைத் தகட்டின் மேல் வைத்தார். எடுக்கவில்லை. உள்ளங்கையை வைத்தார். அதையும் எடுக்கவில்லை. பிறகு பக்கவாட்டில் ரப்பர் மடல் படபடப்பதைக் குனிந்து பார்த்தார்.

"இதைத் திறந்தது யாரு?"

"நான்தான்ப்பா," என்றேன்.

"ம்," என்றார். ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கிடம் சொல்கிற ம். எனக்குக் காது சூடானது.

திரும்பும் வழியில் அவர் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தேன். எங்கள் தெருவுக்கு இரண்டு திருப்பம் இருக்கும்போது இரண்டரை மணி நேரம் முடிந்தது. பச்சை விளக்கு. ஆம்ப்ளிஃபயர் ஜெயித்துவிட்டது.

அப்பா வாக்கு மாறவில்லை. சூடு பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். ஆம்ப்ளிஃபயர் இருக்கட்டும். ஆனால் இந்த ஃபேனோடு இந்த வண்டி என் வாசலுக்கு வராது. இப்போதே நிறுத்து, நான் கழற்றுகிறேன் என்றார். சட்டைப்பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்துவிட்டார்.

"அதைக் கழட்டினா ஆம்ப் நின்னுரும்ப்பா," என்றேன்.

"அப்போ பாட்டைக் குறைக்கச் சொல்லு உங்க அக்காவை. ரெண்டுல ஒண்ணு."

பேச்சு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. அக்கா கண்ணாடியில் அவர் உதடுகளைப் பார்த்தாள். இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தினாள். பாட்டை நிறுத்தவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சீட்டில் முழங்காலை மடித்து, முழுதாகப் பின்னால் திரும்பினாள். சின்ன வயதில் நாங்கள் சண்டை போட அப்படித்தான் திரும்புவோம்.

"ரெண்டரை மணி நேரம் இந்தக் கீச்சைக் கேட்டுக்கிட்டு எப்படி ஓட்டினே? எனக்குப் பொறந்தவ தானே நீ?" என்றார் அப்பா. கோபத்தைவிட அதிசயம்தான் அதில் அதிகம் இருந்தது.

"எப்படிப்பா இருக்கு அந்தச் சத்தம்?"

அவர் என்னைப் பார்த்தார். அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்திருப்பார். நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அன்றைக்கு மட்டும் அவரை நேராகப் பார்த்தேன்.

"ஃபேன் இருக்கும்," என்றாள் அக்கா, வழக்கமான உரத்த குரலில். "பாட்டு குறையாது. சாவியும் என்கிட்டதான் இருக்கும். இதைச் சொன்னா எல்லாரும் சாவிக்குத்தான் முதல்ல கை நீட்டுவீங்கன்னு தெரியும். நீட்டாதீங்க. தினமும் ஓட்டுறேன். ஒரு கீறல் இல்ல."

"எதைச் சொன்னா?"

அவள் கை நீட்டி, அப்பாவின் கையிலிருந்து ஸ்குரூடிரைவரை வாங்கி என்னிடம் கொடுத்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துத் தன் சீட்டின் முதுகில் விரித்து வைத்தாள். பாட்டு அங்கே அடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பாவின் விரல்கள் தாளத்துக்குத் தாளம் அதிர்வதை. எட்டாவது மாடியைக் கீழே நின்று கேட்கிற மனிதர், முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கையால் எதையோ கேட்க முயன்றுகொண்டிருந்தார்.

"இவ்வளவுதான்ப்பா எனக்குப் பாட்டு," என்றாள் அக்கா. "எனக்குக் காது கேக்காது."